பூசைக்கு வராத பெடியனைப் பாதரிடம் அனுப்புவதா, வைத்தியரிடம் அனுப்புவதா?

யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் தரம் 10, 11க்குத் திருமறை படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வருடம் ஆலோசனை வழிகாட்டலையும் அவர் தலையில் கட்டிவிட்டார்களாம். தரம் 11இல் ஒரு பெடியன், போன வருடம் வரை பூசையில் பாதருக்கு உதவும் பீடப்பணியாளனாக நின்றவன், இப்போது பூசைக்கு வருவதில்லை. பின்வாங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடக்கிறான். கேட்டால் "கடவுள் இருக்கிறாரோ தெரியேல்லை மிஸ்" என்கிறான். இவனைப் பாதரிடம் அனுப்புவதா, வைத்தியரிடம் அனுப்புவதா என்பது கேள்வி. ஆனால் ரீச்சர், நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்த பிறகு எனக்குப் பட்டது வேறு. அவனுடைய விசுவாசத்துக்கும் நான்தான் பொறுப்பு, அவனுடைய மனசுக்கும் நான்தான் பொறுப்பு, ஒரே ஆளாக நின்று இரண்டையும் பார்க்கலாமா என்றுதான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். பார்க்கலாம். ஆனால் சில பொருட்களை முதலில் கையிலிருந்து கீழே வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நான் 27 வருடம் திருமறை படிப்பித்தவள். இடையில் சீர்மியப் பயிற்சி, அதாவது ஆலோசனை வழங்கும் பயிற்சி, எடுத்து, பிறகு ஓய்வு பெறும்வரை இரண்டு வேலையையும் சேர்த்தே செய்தேன். வைத்தியர் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. கீழே எழுதுவதில் எது உறுதி, எது என் அனுபவத்தில் பட்டது மட்டும் என்பதைப் பிரித்தே சொல்லப் பார்க்கிறேன்.

கீழே வைக்க வேண்டிய முதல் பொருள் இடாப்பு. நான் புதிதாகச் சேர்ந்த பாடசாலையில் முதல் வெள்ளிக்கிழமைகளில் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, நடக்கும். சிற்றாலய வாசலில் ஒரு மேசை, அதில் வகுப்பு இடாப்பு, என் கையில் சிவப்புப் பேனை. போய் வருகிற பிள்ளைக்குச் சரி, போகாத பிள்ளைக்குப் புள்ளடி, புள்ளடி விழுந்த பெயர்கள் பின்னேரம் பிரிவுத் தலைவரிடம் போகும். அது பிள்ளைகளின் ஆன்மிகத்துக்குச் செய்கிற உதவி என்றுதான் நானும் நம்பினேன். பல வருடம் கழித்துக் கல்யாணம் கட்டிப் பிள்ளையும் கையுமாக வந்த பழைய மாணவி ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மிஸ், நான் தரம் 6இல பாடமாக்கின அதே நாலு பாவத்தைத்தான் தரம் 11 வரைக்கும் சொன்னனான். பொய் சொன்னது, தம்பிக்கு அடிச்சது, அம்மாக்கு எதிர்த்துக் கதைச்சது, செபம் சொல்ல மறந்தது." அந்த ஐந்து வருடத்தில் அவள் வீட்டில் தகப்பன் குடித்துவிட்டுச் செய்த கூத்து ஒன்றும் அந்த நாலுக்குள் வரவில்லை. எங்களில் ஒருவரிடமும் வரவில்லை. எப்படி வரும்? வாசலில் நான் சிவப்புப் பேனையோடு அல்லவா இருந்தேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, திருச்சபை எப்போதோ யோசித்து வைத்த விஷயம். திருச்சபைச் சட்டத்தின் 985ஆம் இலக்கம், குருமடத்துக்கோ வேறு கல்வி நிலையத்துக்கோ அதிபராக இருப்பவர் அதே வீட்டில் தங்கியிருக்கும் மாணவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக்கூடாது என்கிறது. பிள்ளை தானாக விரும்பி ஒரு தருணத்தில் கேட்டால் மட்டும் விலக்கு. விடுதிப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய சட்டம், வீட்டிலிருந்து வந்து போகும் பிள்ளைகளுக்கு எழுத்தளவில் பொருந்தாது என்று ஒருவர் வாதாடலாம், அது சரிதான். ஆனால் காரணம் எல்லோருக்கும் பொருந்தும். பிள்ளையைத் தண்டிக்கவும் வகுப்பேற்றவும் அதிகாரம் உள்ளவரிடம் அந்தப் பிள்ளையின் உள்ளத்தைத் திறக்கச் சொல்லக்கூடாது. உங்கள் பாடசாலையில் பூசைக்கு, பாவசங்கீர்த்தனத்துக்கு, செபமாலைக்கு இடாப்புப் போடும் வழக்கம் இருந்தால், அதை நிற்பாட்ட அதிபரோடு கதையுங்கள். உடனே முடியாவிட்டால் குறைந்தது அந்த இடாப்பு உங்கள் கையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருமறைப் பாடத்துக்குப் புள்ளி போடுவது வேறு. அது சாதாரண தரப் பரீட்சைப் பாடம், புள்ளி போடத்தான் வேண்டும். ஆனால் "விசுவாசத்தில் குறைந்துவிட்டான்" என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

சரி, பெடியனுக்கு வருவோம். "கடவுள் இருக்கிறாரோ தெரியேல்லை" என்ற ஒரே வசனம் மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து வரலாம். ஒன்று, உண்மையான சந்தேகம். 15, 16 வயதில் மூளை அந்தளவுக்கு வளர்ந்துவிட்டது, விஞ்ஞானப் பாடத்தில் கேட்டதையும் தொடக்கநூலில் வாசித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. இந்தப் பிள்ளை உங்களோடு வாதாடுவான், பதில் சொன்னால் அடுத்த கேள்வி வைப்பான். இடைவேளைக்குப் போய்ப் பந்தும் அடிப்பான். இவனுக்கு வைத்தியர் வேண்டாம், கேள்விக்குக் கோபப்படாத ஒரு பெரிய ஆள் வேண்டும். இரண்டாவது, வறட்சி. செபித்தால் ஒன்றும் தோன்றுவதில்லை, பழைய இனிமை இல்லை. சிறுமலர் என்று நாங்கள் கொண்டாடும் குழந்தை இயேசுவின் தெரேசாள் 1896 உயிர்ப்புத் திருவிழாக் காலத்திலிருந்து 1897 செப்ரெம்பரில் கண்மூடும் வரை, மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டுக்குள்தான் கிடந்தார். அந்தத் தெரேசாளைத்தான் திருச்சபை 1997இல் மறைவல்லுநர் ஆக்கியது, திருச்சபை முழுவதற்கும் ஆசான் என்ற பட்டம் அது. தரம் 11க்கு இதைச் சொன்னபோது ஒரு பெடியன் "அப்ப சிறுமலருக்கும் டவுட்டோ மிஸ்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். எந்தப் பிரசங்கத்துக்கும் நிமிராதவன்.

மூன்றாவது, மனச்சோர்வு என்ற நோய். சந்தேகப்படுகிற பிள்ளை கேள்வி கேட்கும், மனச்சோர்வு வந்த பிள்ளைக்குக் கேள்வி கேட்கவும் தெம்பிருக்காது. கடவுள் மட்டும் அல்ல, பந்து, சாப்பாடு, சிநேகிதன் எல்லாமே ஒன்றாக வெளிறிப்போகும். நாளின் பெரும் பகுதியும், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், இரண்டு கிழமைக்கு மேல் இப்படிப் போகிறதா, நித்திரையும் பசியும் மாறிவிட்டதா என்று பாருங்கள். மருத்துவர்களும் அந்த இரண்டு கிழமையைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். இந்த வயதில் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் எதிர்த்துக் கதைப்பதாகவும் வரலாம், அதனால்தான் எங்கள் பாடசாலைகளில் நோய் வந்த பிள்ளைக்குப் பல தடவை ஒழுக்காற்று விசாரணை நடந்திருக்கிறது. உங்கள் பெடியன் பின்வாங்கில் கிடக்கிறான் என்று எழுதியதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் இங்கிருந்து நான் முடிவு சொல்ல முடியாது, நீங்களும் சொல்லக்கூடாது. வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் இன்னொரு சாதாரணக் கேள்வி இருக்கிறது: அவன் எத்தனை மணிக்குப் படுக்கிறான்? நான் ஒரு முறை தரம் 11 பிள்ளைகளிடம் ஒரு நாளை மணித்தியாலமாக எழுதித் தரச் சொன்னேன். காலை ஐந்தரைக்குக் கணித ரியூசன், ஏழரைக்குப் பாடசாலை, இரண்டரைக்குச் சைக்கிளில் நேராக அடுத்த ரியூசன், ஆறரைக்கு வீடு, சாப்பாடு, வீட்டுவேலை, பிறகு போன். நித்திரை ஒரு மணிக்கு. இந்தப் பிள்ளைக்கு ஞாயிறு காலைப் பூசை விசுவாசப் பிரச்சினை அல்ல, நித்திரைப் பிரச்சினை. பதின்ம வயதுக்கு எட்டு மணித்தியாலமாவது நித்திரை வேண்டும் என்பதில் மருத்துவத்தில் சச்சரவு இல்லை. ஞாயிறு காலையில் ரியூசன் வைக்காதீர்கள் என்ற கோரிக்கை இங்கே எத்தனையோ தடவை எழுந்து எழுந்து அடங்கியது. அதை நாங்கள் மறைக்கல்விக்காக மட்டும் கேட்டதுதான் பிழை என்று இப்போது நினைக்கிறேன். பிள்ளை கொஞ்சம் படுக்கட்டும் என்றும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது வீடு. இப்போது தரம் 11இல் இருக்கும் பிள்ளைகள் யுத்தம் முடிந்த காலத்தையொட்டிப் பிறந்தவர்கள். ஒரு செல் விழுந்த சத்தமும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டவர்களின் வீட்டில் வளர்கிறார்கள். சுவரில் மாலை போட்ட மாமாவின் படம், அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. வாணவெடிக்குத் திடுக்கிட்டு எழும்புகிற அப்பா. 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். வருடா வருடம் நினைவுகூருகிறோம். அந்த நாளை அடுத்து ஒரு பிள்ளை வகுப்பில் "கோயிலுக்குள்ள இருந்த சனத்தையே காப்பாற்றாத கடவுள் என்ன கடவுள்?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. என்னிடம் பதில் இருக்கவில்லை, இன்றும் இல்லை. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், பதில் இருப்பதுபோல நடிக்காமல் விட்டது. 88ஆம் திருப்பாடலைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். மற்றப் புலம்பல் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது இருட்டிலேயே முடியும். "இப்படியும் கடவுளோடு கதைக்கலாமோ?" என்றாள். கதைக்கலாம், சிலுவையில் இயேசுவே "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்றுதானே கத்தினார்.

இதில் எங்கள் சனத்திடம் ஒரு சொத்து இருக்கிறது, நாங்களே மறந்துபோனது. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை இராகத்தோடு சொல்லும் பசாம் படிப்பது, பெரிய வெள்ளிக்கு வியாகுலப் பிரசங்கம், கரையோரக் கிராமங்களில் கூத்து, திருமறைக் கலாமன்றம் என்ற கலை அமைப்பு 1965இலிருந்து மேடையேற்றிவரும் திருப்பாடுகளின் நாடகங்கள். இவையெல்லாம் சேர்ந்து அழ ஒரு இடம் தந்தவை. தனியாகக் கூப்பிட்டு "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை மிஸ்" என்கிற பெடியன், கூத்தில் சிலுவை தூக்குகிற வேஷம் கிடைத்தால் இரவிரவாக ஒத்திகைக்கு நிற்பான். மேடையில் நின்ற பிள்ளைகள் பிறகு என்னிடம் வந்து கதைத்ததைப் பார்த்திருக்கிறேன். அது நாடகத்தின் பலனா, பழக்கத்தில் வந்த நெருக்கமா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

இதற்கு நேரெதிரான பிள்ளையையும் கவனியுங்கள். அவளை ஆசிரியர்கள் "நல்ல பக்தியான பிள்ளை" என்பார்கள். (விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) எனக்கு வந்தவள் இரவில் செபமாலையைத் தொடங்குவாள், ஒரு அருள் நிறை மந்திரத்தில் கவனம் சிதறினால் முதலிலிருந்து சொல்வாள், விடிய இரண்டு மணி ஆகும். கிழமைக்கு மூன்று தரம் பாவசங்கீர்த்தனம், போன தரம் சொன்ன பாவத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று திரும்ப. நற்கருணை வாங்கப் பயம். அவள் கைகள் கழுவிக் கழுவித் தோல் வெடித்திருந்ததை ஒரு நாள் கொப்பி வாங்கும்போதுதான் கண்டேன். அது பக்தி இல்லை, திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் ஒரு நோய், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாருக்கே 1522இல் மன்ரேசாவில் இதே வாதை. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி, சாக வேண்டும் என்ற எண்ணம்கூட வந்ததாகப் பிறகு அவரே சொல்லிவைத்திருக்கிறார். இவளுடைய விஷயத்தில் பாதரும் வைத்தியரும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். வைத்தியர் மருந்தும் பயிற்சியும் கொடுத்தார். பாதர் மாதத்துக்கு ஒரு தரம்தான் பாவசங்கீர்த்தனம், பழையதைத் திரும்பச் சொல்லக்கூடாது, அந்தக் கீழ்ப்படிவுக்கு நான் பொறுப்பு என்றார். வைத்தியர் சொல்லிக் கேட்காத ஒன்றை அவள் பாதர் சொல்லிக் கேட்டாள். அதனால்தான் "பாதரா வைத்தியரா" என்ற உங்கள் கேள்விக்கு நான் ஒற்றைச் சொல்லில் பதில் எழுதவில்லை. உளவியலையும் குருத்துவத்தையும் எதிரெதிரே வைக்கிற பழக்கம் யாழ்ப்பாணத்துக்குத் தேவையில்லாதது. அமலமரித்தியாகிகள் என்ற குருக்கள் சபையினர் தமிழில் உளவியலுக்கென்றே ஒரு சஞ்சிகை நடத்திய ஊர் இது.

இனி, தயங்காமல் செய்ய வேண்டியவை. பிள்ளை சாவைப் பற்றி, தன்னைக் காயப்படுத்துவதைப் பற்றி ஏதாவது சொன்னால், எழுதினால், பகிடியாகச் சொன்னாலும், நேரே கேளுங்கள்: "சாக வேண்டும் என்று யோசிக்கிறாயா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே விதைத்துவிடுவோம் என்ற பயம் பிழை. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, கேட்பது பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே பெற்றோரை அழைத்து வைத்தியரிடம். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 தேசிய மனநல உதவி இலக்கம். "ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியை எந்தப் பிள்ளைக்கும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பாவசங்கீர்த்தன இரகசியம் குருவுக்கு மட்டும் உரியது, அது மீற முடியாதது. உங்களுக்கும் எனக்கும் அந்த முத்திரை இல்லை. பிள்ளையிடம் "உன் உயிருக்கு ஆபத்து என்றால் நான் சொல்லத்தான் செய்வேன், சொல்வதற்கு முன் உனக்குச் சொல்லிவிட்டுச் சொல்வேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து, "தற்கொலை பாவம், நரகம்" என்ற பேச்சை அந்த நேரத்தில் எடுக்கவே வேண்டாம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அப்படிச் செத்தவருக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டது உண்மை, எங்கள் பாட்டிமார் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான உளப் பாதிப்பும் பயமும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று மறைக்கல்வி நூலின் 2282, 2283ஆம் எண்கள் சொல்கின்றன. குடும்பத்தில் அப்படி ஒருவரை இழந்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். அந்தப் பாடத்தை எடுக்கும்போது அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைத்து எடுங்கள்.

யாராவது பிள்ளையோடு பிழையாக நடந்ததாகத் தெரியவந்தால் நீங்கள் விசாரணை நடத்தக்கூடாது. 1929க்கு அறிவியுங்கள், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். செய்தவர் ரியூசன் மாஸ்டரோ உறவுக்காரரோ குருவோ துறவியோ, வழி ஒன்றுதான். பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், 2019 மேயில் பாப்பரசர் பிரான்சிஸ் குருக்களும் துறவியரும் இப்படிப்பட்டதை முறையிடுவதைச் சட்டக் கடமையாகவே ஆக்கினார் என்று நினைவுபடுத்துங்கள். அது பொலிசுக்கும் அதிகாரசபைக்கும் போவதற்குப் பதிலீடும் இல்லை.

உறுதியில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். "பக்தியுள்ள பிள்ளைகளுக்கு மனநோய் குறைவு" என்று மறைக்கல்விக் கருத்தரங்குகளில் அடித்துச் சொல்வார்கள். கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர்களிடம் மனச்சோர்வு குறைவாகக் காணப்படுகிறது என்ற ஆய்வுகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் போவதால் சுகமாக இருக்கிறார்களா, சுகமாக இருப்பதால் போகிறார்களா? அங்கே நாலு பேர் பெயர் சொல்லி அழைப்பது உதவுகிறதா, விசுவாசம்தான் உதவுகிறதா? அது இன்னும் தீராத விவாதம். கடவுள் தண்டிப்பார் என்ற பயத்தோடு வளர்வது சுகத்தைக் கெடுக்கிறது என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே மனசு சுகமாக வேண்டும் என்பதற்காகப் பிள்ளையைப் பூசைக்கு அனுப்புகிற வேலையை விடுங்கள். பூசை மருந்துக் குளிசை இல்லை.

சைவப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. 1960, 61 சட்டங்களால் பெரும்பாலான கத்தோலிக்கப் பாடசாலைகள் அரசாங்கத்துக்குப் போயின, சில மட்டும் நின்றன. எதுவானாலும் இங்கே வகுப்பில் சைவப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆலோசனை அறைச் சுவரில் சிலுவை இருக்கட்டும், ஆனால் அந்தப் பிள்ளையோடு கதைத்து முடித்ததும் "யேசப்பாவிடம் செபி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். நல்லூர்க் கந்தனிடம்தான் அவள் அழுவாள் என்றால் அங்கே அழட்டும்.

உங்கள் பெடியனுக்கு நாளைக்கு என்ன செய்வது? பூசையைப் பற்றிக் கேட்க வேண்டாம். கடவுளைப் பற்றியும் இப்போதைக்கு வேண்டாம். கதிரையை அவனுக்கு நேரெதிரே போடாமல் பக்கவாட்டில் போடுங்கள், பெடியள் கண்ணைப் பார்த்துக் கதைப்பது குறைவு. கொப்பி அடுக்குவது மாதிரி ஏதாவது வேலையைக் கையில் கொடுத்துவிட்டு, "நித்திரை வருகுதோ தம்பி?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு பொறுங்கள். முதல் நாள் ஒன்றும் வராது. மூன்றாம் தரம் வரலாம். இரண்டு கிழமைக் கணக்குப் பொருந்தினால் தாயை அழையுங்கள், "பிள்ளைக்குச் சுகமில்லைப் போல, ஒருக்கா டொக்டரிடம் காட்டுவோம், நானும் வாறன்" என்று சொல்லுங்கள். "மனநோய்" என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுத்தால் அடுத்த நாள் தாய் வரமாட்டார்.

பங்குத்தந்தை கேட்டால் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவன் உங்களுக்குச் சொன்ன ஒன்றையும் சொல்ல வேண்டாம். "பாதர், அவன் களைத்துப்போயிருக்கிறான், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், றோட்டில் கண்டால் பூசையைப் பற்றிக் கேட்காமல் பந்தைப் பற்றிக் கதையுங்கோ" என்று சொல்லுங்கள். நல்ல பாதராக இருந்தால் அவருக்கு அது போதும்.